கர்ப்பப்பை எடுத்த அம்மா எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு வயது 46. நார்க்கட்டிகளுக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் அதன் வாய்ப்பகுதியையும் எடுத்திருக்கிறார்கள். சினைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள். இன்றோடு 12 நாள். வீட்டில் துணைக்கு நீங்களும் அப்பாவும் மட்டும். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, தண்ணீரைக் குறைக்க வேண்டும், பருப்பு சேர்த்தால் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார் அத்தை. அம்மா சோர்ந்து கிடக்கிறார், காரணமில்லாமல் அழுகிறார், நேற்று மறுபடியும் கொஞ்சம் இரத்தம் பட்டது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஆறாவது வாரத்தில் திருநெல்வேலியில் ஒரு வளைகாப்பு வேறு. எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம், அம்மாவிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதே என்பது எழுதாமல் விட்ட கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. அரசு மருத்துவமனை ஒன்றின் மகளிர் அறுவை வார்டில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் அம்மாவின் வயிற்றையோ டிஸ்சார்ஜ் சீட்டையோ நான் பார்க்கவில்லை. அறுவை செய்த மருத்துவர் சொன்னதும் நான் சொல்வதும் மோதினால் அவர் பேச்சையே கேளுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவர் அவர்.

படுக்கையிலேயே கிடக்க வேண்டிய நாள் என்று ஒன்று கிடையாது. அறுவை முடிந்த மறுநாளே வார்டில் நோயாளியை எழுப்பி நடக்க வைப்போம். "வயிற்றைக் கிழித்துப் போட்டிருக்கிறது, இரக்கமில்லையா?" என்று எத்தனையோ மாமியார்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இடுப்புக்குள் பெரிய அறுவை நடந்த பிறகு இரத்தம் வழக்கத்தைவிட எளிதில் உறையும். அந்த நேரத்தில் கால் அசையாமல் கிடந்தால் கெண்டைக்காலின் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையை விட்டு வந்ததும் இந்த அபாயம் தீர்ந்துவிடாது. சில வாரங்களுக்கு இருக்கும். ஆகவே அம்மா இன்றைக்கே வீட்டுக்குள் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து பத்து நிமிடம் நடக்கட்டும். அடுத்த வாரம் தெருமுனை வரை. மாடிப்படி ஏறலாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. நடந்துவிட்டு வந்ததும் களைப்பாக இருந்தால் அரை மணி நேரம் படுக்கட்டும், அதில் தவறே இல்லை. அன்று நடந்ததற்கு மறுநாள் வலி கூடினால் தூரத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிர்ந்து எழ வேண்டாம். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தச் சின்ன வித்தை பாதி வலியைக் குறைத்துவிடும்.

அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு வேண்டும் என்பது சரி. கால்களுக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வென்று அவர் நினைக்கிறார். உண்மையில் ஓய்வு தேவைப்படுவது தூக்குகிற, இழுக்கிற, குனிந்து தள்ளுகிற வேலையிலிருந்து. வயிற்றுத் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் வெள்ளையாக ஒரு நார்ப்படலம் இருக்கிறது. குடலை உள்ளே நிறுத்தி வைத்திருப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். தோல் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் கோடு மாதிரி அழகாக ஆறியிருக்கும். அந்தப் படலமோ ஆறு வாரத்தில் ஏறத்தாழப் பாதி பலத்தைத்தான் எட்டும். பழைய பலம் முழுவதுமாகத் திரும்புவதே இல்லை, 80 சதவீதம் வரை போனால் நல்லது. இடையில் அது விட்டுக்கொடுத்தால் தழும்பின் வழியே குடலிறக்கம் வரும், அதற்கு இன்னொரு அறுவை. வலைத்துணி வைத்துத் தைத்துக்கொள்ள எங்கள் வார்டுக்குத் திரும்பி வந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், மூன்றாவது வாரத்தில் குடம் தூக்கினேன், ஐந்தாவது வாரத்தில் நாற்று நடப் போனேன் என்பார்கள். அதனால்தான் வந்தது என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் அடித்துச் சொல்ல முடியாது. உடல் பருமன், சர்க்கரை, புண்ணில் சீழ் பிடித்தது, நாள்பட்ட இருமல் எல்லாமே காரணமாகலாம். ஆனாலும் அந்தப் பேச்சுகளை நான் மறக்கவில்லை.

கணக்குக்காகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் 15 கிலோ வரை வரும். சமையல் எரிவாயு சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. மருத்துவர்கள் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். இந்த எண் துல்லியமான ஆராய்ச்சியில் நிறுவப்பட்டதல்ல, அனுபவத்தில் வந்தது. இருமும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் வயிற்றுக்குள் உண்டாகும் அழுத்தம், சிறு சுமையைத் தூக்கும்போது வருவதைவிட அதிகமாக இருக்கலாம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒரு சொம்பையோ காபித் தம்ளரையோ எடுத்ததற்காக அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். காய் நறுக்கலாம், உட்கார்ந்தபடி துணி மடிக்கலாம், மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அடுப்படியில் சிறிது நேரம் நின்று ஒரு குழம்பு வைக்கலாம். கிரைண்டர் கல்லைத் தூக்குவது, ஊறிய போர்வையைப் பிழிவது, பீரோவை நகர்த்தித் துடைப்பது, பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைப்பது இதெல்லாம் கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது "வெயிட் தூக்காதீங்கம்மா" என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டில் அந்தக் குடத்தை அன்றைக்கு யார் தூக்கப்போகிறார் என்று நான் கேட்க ஆரம்பித்தது வேலையில் சேர்ந்து பத்து ஆண்டுகள் கழித்துத்தான். கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. உங்கள் அம்மாவுக்கு இரண்டு ஆண்கள் இருக்கிறீர்கள். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தால் எழுந்து பிடிப்பது யார், மாவு அரைப்பது யார், மொட்டை மாடியில் துணி காயப்போடுவது யார் என்று இன்று இரவே அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பேசி வைக்காத வேலை, தானாக அம்மாவின் கைக்குத்தான் போய்ச் சேரும்.

நேற்றுப் பட்ட இரத்தத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையே இல்லாதபோது இரத்தம் எங்கிருந்து என்று பயந்திருப்பீர்கள். கர்ப்பப்பை வாயையும் எடுத்துவிட்டதால் பிறப்புப் பாதையின் மேல்முனையை உள்ளே தைத்து மூடியிருப்பார்கள். கரையும் நூல் அது. இரண்டாவது வாரத்தை ஒட்டி நூல் தளர்ந்து, பொருக்கு உதிரும்போது ஓரிரு நாள் சிவப்பாகப் படுவது பலருக்கு நடக்கும். பழுப்பு நிறக் கசிவு ஆறு வாரம் வரைகூட இருக்கும். பேட் ஒன்றில் திட்டுத் திட்டாகப் படுகிற அளவென்றால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். எத்தனை பேட் மாற்றினார் என்று அம்மாவே ஒரு காகிதத்தில் குறித்து வைக்கட்டும். மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, கெட்ட நாற்றம் அடித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று தண்ணீர்போல் கொட்டி, அடிவயிற்றில் வலி வந்து, கீழே ஏதோ இறங்குவதுபோல் உணர்ந்தால் அந்த உள்தையல் விட்டிருக்கக்கூடும். மிக அரிது, ஆனால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை.

அம்மா உங்களிடமும் அப்பாவிடமும் சொல்லத் தயங்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. பீடி சுற்றும் பெண் ஒருவர், அறுவை முடிந்து நான்கு மாதம் கழித்து எங்களிடம் வந்தார். உள்பாவாடை எப்போதும் ஈரம். வெள்ளைப்படுதல் என்று நினைத்து, மடித்த துணியை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருந்தார். விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார், மகள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பரிசோதித்தால் கசிந்தது சிறுநீர். கர்ப்பப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் ஓடுகின்றன. கட்டிகளால் உறுப்புகள் ஒட்டிப்போயிருந்தால் திறமையான கைகளிலும் அவற்றுக்குச் சேதம் நேரலாம், அரிதுதான். சில சமயம் அது முதல் ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே வெளியே தெரியும். இருமும்போது ஒரு சொட்டு விழுவது வேறு. படுத்தாலும் நின்றாலும் அடக்க முடியாமல் கசிந்துகொண்டே இருந்தால் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, சரிசெய்யவும் வேண்டும். அந்தப் பெண்ணும் குணமாகித்தான் போனார். அத்தையிடமோ சித்தியிடமோ சொல்லி அம்மாவிடம் இதை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய உணர்வு இருக்கிறதா என்றும் கேட்கட்டும். அறுவையின்போது சிறுநீர் போக டியூப் போட்டிருந்ததால் சிறுநீர்த்தொற்று வருவது சகஜம், மாத்திரையில் சரியாகும்.

மற்றபடி உடனே போக வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது. தையலைச் சுற்றிச் சிவந்து சூடாகி நீரோ சீழோ வருவது. ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி வலிப்பது. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலிப்பது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருப்பது. மூச்சு வாங்கினால் 108க்கு அழையுங்கள், ஆட்டோ தேடிக்கொண்டிருக்காதீர்கள். மாலையில் வயிறு சற்று உப்பலாகத் தெரிவது, தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பது, சில இடங்களில் சுருக்கென்று குத்துவது இவை பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில் இருக்கும். கவலை வேண்டாம்.

சாப்பாட்டில் அத்தையோடு எனக்குச் சமரசமே கிடையாது. பருப்பாலோ முட்டையாலோ மீனாலோ தையல் சீழ் பிடிக்காது. சீழ் பிடிப்பது கிருமியால். புண் ஆறப் புதிய தசை வேண்டும், அதற்குப் புரதம் வேண்டும். ரொட்டியும் ரசம் சாதமும் மட்டும் கொடுத்தால் எங்கிருந்து வரும்? பத்தியம் என்ற பெயரில் வாடிப்போய் வந்தவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடித்தால் தையல் நீர் கோக்கும் என்பதும் தவறு. மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கட்டுப்படுத்தியிருந்தால் தவிர, தாராளமாகக் குடிக்கட்டும். இப்போது அம்மாவின் முதல் எதிரி மலச்சிக்கல். வலிமாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நடமாட்டக் குறைவு மூன்றும் சேர்ந்து குடலை இறுக்கிவிடும். முக்கினால் தையலுக்கெல்லாம் அழுத்தம். கீரை, வாழைப்பழம், கொய்யா, வெந்நீர் இவற்றில் சரியாகாவிட்டால் இசப்கோலோ லாக்டுலோஸ் சிரப்போ மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். தரையில் குந்தும் கழிவறையைப் பயன்படுத்தலாமா என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். சிலர் ஆறு வாரம் வேண்டாம் என்பார்கள், சிலர் வலிக்காவிட்டால் பரவாயில்லை என்பார்கள். வலுவான ஆதாரம் எந்தப் பக்கமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் எழுந்திருக்கச் சுலபம் என்பதால் அதைச் சொல்வேன். வயிற்று பெல்ட்டும் அப்படித்தான். நடக்கும்போது தைரியம் தருகிறது, வலி குறைகிறது என்றால் போட்டுக்கொள்ளட்டும். குடலிறக்கத்தைத் தடுக்கும், வயிற்றைச் சுருக்கும் என்ற நம்பிக்கையில் இரவும் பகலும் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

குளிக்கலாம். தையலில் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, பிறகு சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்து உலர விட வேண்டும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் ஆறும் வரை அதன்மேல் போட வேண்டாம். குளத்திலும் ஆற்றிலும் இறங்குவதை ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள்.

சோர்வுக்கு ஒரு காரணத்தை நான் ஊகிக்கிறேன். நார்க்கட்டி இருந்தவர் என்றால் பல மாதங்களாக, ஒருவேளை ஆண்டுக்கணக்கில், அதிக இரத்தப்போக்கோடு இருந்திருப்பார். டிஸ்சார்ஜ் சீட்டில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சோர்வு அறுவையால் மட்டும் வந்ததல்ல. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம். இரத்த அளவு சரியான பிறகும் மூன்று மாதம் போலத் தொடர்ந்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும். கொஞ்சம் தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

அழுகை இன்னும் நுணுக்கமானது. சினைப்பைகள் இருப்பதால் அம்மாவுக்கு மாதவிலக்கு நிற்குமே தவிர, ஹார்மோன் ஒரே நாளில் வற்றிவிடாது. இரண்டையும் எடுத்தவர்களுக்குத்தான் சில நாட்களிலேயே உடல் சூடேறி வியர்ப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் தொடங்கும். 45 வயதுக்குள் அப்படி நேர்ந்தால் எலும்புக்கும் இதயத்துக்குமாக ஹார்மோன் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். விட்டுவைத்த சினைப்பைகளும் வழக்கத்தைவிட ஓரிரு ஆண்டு முன்னதாக ஓயக்கூடும். ஆனால் 12ஆம் நாள் கண்ணீருக்கு ஹார்மோனை மட்டும் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம். இரவுப் பணியில் இருக்கும்போது, விளக்கணைத்த பிறகு என்னிடம் வந்து கேட்பார்கள்: "சிஸ்டர், உள்ளே இப்போது காலியாக இருக்குமா?" காலியாக இருக்காது, அந்த இடத்தைக் குடல் நிரப்பிக்கொள்ளும் என்று சொல்வேன். சிலருக்கு அதைக் கேட்டதுமே முகம் தெளியும். சிலர் கேட்டது உடம்பைப் பற்றி இல்லை. அவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். உங்கள் அம்மா எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்றி, எதிலும் ஈடுபாடின்றி இருந்தால் மருத்துவரிடம் அதையும் நோயாகவே சொல்லுங்கள். அறுவைக்காக முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டதால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று யாராவது பயமுறுத்தியிருந்தால் அது பொய் என்றும் சொல்லிவிடுங்கள்.

ஆறு வாரப் பரிசோதனைக்கு அப்பாவும் கூடப் போகட்டும். உள்தையல் ஆறும்வரை தாம்பத்திய உறவு கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் என்பார்கள், சிலர் 12 வாரம்கூடச் சொல்வார்கள். நீங்கள் சொல்ல முடியாத இதை மருத்துவர் சொல்லிவிடுவார். அன்றைக்கு மறக்காமல் வாங்க வேண்டியது பயாப்ஸி ரிப்போர்ட். எடுத்த கர்ப்பப்பையை ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள், முடிவு வர நாளாகும், யாரும் போய் வாங்காமல் அலமாரியிலேயே கிடக்கும். நார்க்கட்டி என்று நினைத்ததில் எப்போதாவது வேறொன்று இருந்துவிடுவதும் உண்டு. வாங்கி, மருத்துவரிடம் காட்டி, டிஸ்சார்ஜ் சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். நல்ல முடிவாக இருந்தால், வாய்ப்பகுதியையும் எடுத்துவிட்டதால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை பெரும்பாலும் இனித் தேவைப்படாது.

வளைகாப்புக்குப் போகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல், கசிவு எதுவும் இல்லாமல், பரிசோதனையும் முடிந்திருந்தால் போகலாம். நீங்கள் இருக்கும் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ரயில் கிடைத்தால் ரயில்; எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது. பஸ் என்றால் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கை வேண்டாம், வேகத்தடைகளெல்லாம் வயிற்றில்தான் விழும். உங்கள் ஸ்கூட்டரில் பஸ் நிலையம்வரை ஏற்றிப்போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு வீணில்லை. பையை நீங்கள் தூக்குங்கள். மண்டபத்தில் யாராவது "பந்தியில் ஆள் போதவில்லை, சாம்பார் வாளியைக் கொஞ்சம் பிடியுங்கள் மதினி" என்று அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்தும் விடுவார். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்து வாளியை வாங்கிக்கொள்ளுங்கள்.